அசையாதீங்கப்பா

என் அப்பா பன்னிரண்டு புத்தகங்களில் இருக்கிறார். ஒன்றில் கரடி, ஒன்றில் தபால்காரர், ஒன்றில் தூக்கம் வராத ராஜா. இன்னொன்றில் மீன் விற்கும் அம்மாள். அதற்காக அம்மாவின் பழைய சேலையைக் கைலிக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் கூடையோடு கால் மணி நேரம் நின்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். "ஏலே, எதுத்த வீட்டுக்காரன் பாத்தாம்னா நாளைக்கு டீக்கடையில நாந்தான் பேச்சு," என்றார். புத்தகம் அச்சாகி வந்ததும் அதே எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இது யாருன்னு சொல்லும் வே, பாப்போம்," என்று பக்கத்தை விரித்துக் காட்டியதும் அவர்தான்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டேப்லெட்டில் வரைவேன். பெங்களூரில் இருக்கும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புவேன். அங்கே எடிட்டராக ஒரு அம்மாள் இருக்கிறார். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் எந்நேரமும் கேட்கும். முதல் தடவை வீடியோ காலில் பேசியபோது அவர், "ரயிலில் இருக்கிறீர்களா, அப்புறம் பேசலாமா?" என்று கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றதை அவர் நம்பவில்லை.

ஊர் வேறு மாதிரி நம்பவில்லை. ஆம்பளை வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஒன்று வேலை போயிருக்க வேண்டும், இல்லை உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும். "பையன் இன்னும் வீட்டுலதான் கெடக்கானா?" என்று அம்மாவிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் நான் வரைந்த யானையைப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி. வேலைக்கு எங்கன போறீய?" என்றார்கள். முதலில் பதில் சொன்னேன். பிறகு எரிந்து விழுந்தேன். பிறகு யார் வந்தாலும் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தேன்.

எனக்கு முன்கோபம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

படம் வரைகிறவனுக்குக் கண்ணெதிரே ஒரு ஆள் நின்றால்தான் கை நம்பி ஓடும். தோள் எங்கே இறங்குகிறது, கைலி மடிப்பு எங்கே விழுகிறது என்பதையெல்லாம் மனதிலிருந்து வரைந்தால் பொம்மை மாதிரி வரும். நகரத்தில் இதற்குச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்குமாம். எனக்கு அப்பா கிடைத்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி வண்டியிலும் ராஜபாளையம் வண்டியிலும் நின்றே வாழ்நாளைக் கழித்தவர். "ஓடுத பஸ்லயே நின்னவன், ஓடாத வீட்டுல நிக்க மாட்டனா?" என்பார். வரையத் தொடங்கும்போது "ரைட்" என்று அவரே குரல் கொடுப்பார். முடிந்தது என்று நான் சொல்லும்வரை ஆணி அடித்த மாதிரி நிற்பார். கொசு கடித்தாலும் அசைய மாட்டார். அந்தக் கொசுவை நான்தான் எழுந்து போய் அடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆரம்பத்தில் நடுவே வந்து, "என்ன, ராசா இன்னைக்கு யுத்தத்துக்குப் போகலையா?" என்று வம்பிழுப்பாள். அப்பா அடக்க முடியாமல் சிரிப்பார், தோள் குலுங்கும், என் கோடு கெட்டுப்போகும். ஒரு நாள் சுடச்சுட உளுந்த வடையோடு வந்து, "ஆறிப் போகும், ஒண்ணு தின்னுட்டு நில்லுங்க," என்று அப்பாவின் வாயில் ஊட்டப் போனாள். நான் பேனாவைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். "அறிவு இருக்கா ஒனக்கு? வரையும்போது குறுக்க வராதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா மட்டும், "அவ ஆசையாத்தானல கொண்டாந்தா," என்றார். அதன்பிறகு வரையும் நேரத்தில் அவள் அந்த அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக அப்பா நின்றது பன்னிரண்டாவது புத்தகத்துக்கு. வெளியூர் போன மகள் வருவாள் என்று ஜன்னலோரம் காத்திருக்கும் ஒரு மனிதரின் கதை. நாள் பூரா காத்து நிற்கிறார், அவள் வரவில்லை. அந்த ஒரு பக்கம்தான் புத்தகத்துக்கே உயிர். நான் அனுப்பிய படத்தை எடிட்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். இவர் காத்திருக்கிற மாதிரி இல்லை, காற்று வாங்குகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அப்பாவுக்குச் சோகமாக நிற்கத் தெரியவில்லை. எவ்வளவு சொல்லியும் முகம் அதற்குப் படியவில்லை. புருவத்தைச் சுருக்கினால் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். வாயைத் தொங்கவிட்டால் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். "சோகத்துக்கு நான் எங்கலே போவேன்? மக நல்லா இருக்கா, நீ கண் முன்னால இருக்க, ஒங்கம்மா கொழம்பு நல்லா வைக்கா," என்றார். "எப்பா, வெளையாடாதீய. நாளைக்கு அனுப்பணும்," என்று அவரிடமும் சிடுசிடுத்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். எடிட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதியிருந்தார். நான் குனிந்து அந்தப் பழைய படத்தையே அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தேன். அப்பா குளித்துத் திருநீறு பூசி முன்னறைக்கு வந்தார். வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே வருவார். அன்றைக்குப் பேசாமல் வந்து ஜன்னலோரம் நின்றார். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, வெளியே பார்த்தார். நான் நிமிர்ந்தேன்.

அப்படி ஒரு நிலையில் அவரை நான் பார்த்ததே இல்லை. வலது தோள் தானாக இறங்கியிருந்தது. வலது கை வெறுமனே தொங்கியது, விரல்களில் பிடிப்பே இல்லை. கண்ணில் ஒரு தவிப்பு. காத்துக் காத்துக் களைத்துப்போன மனிதர் அங்கே நின்றார். கடவுளே, மனுஷர் ராத்திரி பூரா யோசித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எப்பா! அப்படியே நில்லுங்க! அசையாதீங்கப்பா!" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை.

நான் வரைந்தேன். என் வாழ்க்கையில் கை அப்படி ஓடியதில்லை. தோள் ஒரே கோட்டில் வந்தது. தொங்கும் கை வந்தது. நடுவில் அவர் ஏதோ சொல்ல வந்தார். குழறலாக ஒரு சத்தம். "பேசாதீங்கப்பா, வாய் அசையுது," என்றேன். தலையைத் தூக்காமல் சொன்னேன். அவர் பேசவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே படத்தை வெகுநேரம் பார்த்தால் கண் பழகிவிடும், தப்பு தெரியாது. அதனால் படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்போம், கண்ணாடியில் பார்ப்பது போல. டேப்லெட்டில் அதற்கு ஒரு தட்டு போதும். புரட்டியதும் கோணல் எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கும் புரட்டினேன். வாய் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் கீழே இழுத்துக்கொண்டு கிடந்தது. சோகம் என்றால் வாயின் இரண்டு ஓரமும் இறங்கும், ஒரு ஓரம் மட்டுமா இறங்கும்? அவசரத்தில் நான்தான் தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்தேன். அழித்துவிட்டு நேராக்கினேன். வலது கண்ணின் இமையும் கொஞ்சம் சரிந்திருந்தது. அதையும் தூக்கி வரைந்தேன்.

அப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்திருக்கலாம். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படத்துக்கு எது தேவையோ அதைத்தான் பார்த்தேன். அப்பாவைப் பார்க்கவில்லை.

"போதும்பா. முடிஞ்சிட்டு. பிரமாதம்!" என்றேன்.

நான் சொன்ன பிறகுதான் அவர் கம்பியை விட்டார். விட்டதும் சுவரோடு சரிந்து கீழே விழுந்தார்.

அம்மா ஓடிவந்தாள். எதிர்வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்ததும் பக்கவாதம் என்று சொல்லி, உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொல்லி ஆம்புலன்ஸ் கொடுத்தார்கள். வழி நெடுக அப்பாவின் இடது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. திருநெல்வேலியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா என்னிடம் கேட்டார், "அவர் நல்லா இருந்ததைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? இதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். சரியான நேரம் சொல்லுங்க." நான் அவர் விழுந்த நேரத்தைச் சொன்னேன். பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம். அவர் எழுதிக்கொண்டார்.

வரையத் தொடங்கிய நேரத்தை நான் சொல்லவில்லை. அது டேப்லெட்டில் நிமிஷத்தோடு பதிவாகி இருக்கிறது. பத்து நாற்பது.

ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. முப்பது நிமிஷம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். முன்னறையில் அப்பாவின் கட்டிலைப் போட்டு, என் மேஜையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டேன். பார்க்க வந்த ஜனமெல்லாம் பழைய பேச்சை மாற்றிவிட்டது. "நல்ல காலம், பையன் வீட்டுல இருந்து வேல பாக்கான். வெளியூர்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்!" என்று என் முதுகைத் தட்டினார்கள். வீட்டில் கிடக்கிறான் என்று இளக்காரம் பேசிய அதே வாய்கள். அம்மாவும் வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "எம் புள்ள மட்டும் வீட்டுல இல்லன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்," என்பாள். காபி டம்ளர் கொடுக்கும்போது சொல்வாள், வாசல்வரை போய் வழியனுப்பும்போது இன்னொரு தடவை சொல்வாள். அதைக் கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பாராட்டினால் கூச்சப்படுகிறான் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த அக்கா போனில் அழுதாள். "நீ இருக்கதுனாலதாம்லே நான் அங்க நிம்மதியா இருக்கேன்," என்றாள். நான் ம் கொட்டினேன். என்ன செய்ய? சொல்ல ஒரு நேரம் இருந்தது, அது ஆஸ்பத்திரி வராந்தாவில் கடந்து போய்விட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது.

படத்தை எடிட்டருக்கு அனுப்பியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாம் நாள், அங்கிருந்தே, என்ன செய்கிறோம் என்று தெரியாத ஒரு நிலையில் அனுப்பினேன். இந்தப் பக்கத்தைப் பார்த்து அழுதுவிட்டேன் என்று அவர் பதில் எழுதினார். அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அயோக்கியப் பயல் நீ என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். வேறு யாரும் ஏச மாட்டேன் என்கிறார்களே.

புத்தகம் வந்தபோது அப்பா படுக்கையில் ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தார். கூரியர் உறையை அம்மா பிரித்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அவருக்குக் காட்டினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வரைகிற மாதிரி இருந்தேன். அந்தப் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அம்மா சட்டென்று புத்தகத்தை மூடி, அவர் கண்ணை முந்தானையால் துடைத்தாள். "இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் அழுதாவ. டாக்டரே சொன்னாவல்லா, இந்தச் சீக்குல அப்படித்தான் இருக்கும்னு," என்றாள். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். அப்பா எதற்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது. அவர் காதருகே குனிந்து, எப்பா, என்னை மன்னிச்சிருங்க என்று சொல்ல எனக்கு எத்தனையோ பகல் பொழுது கிடைத்தது. அவர் இரண்டு எட்டு தள்ளிப் படுத்திருந்தார். நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சொல்லவில்லை.

எட்டாம் மாதம் ஒரு காலையில் அப்பா போய்விட்டார். அக்கா வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் கூட்டத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேனேப்பா! கொஞ்சம் பொறுக்கக் கூடாதா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை எழுப்பி உள்ளே கொண்டுவர மூன்று பெண்கள் வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஐந்தாம் நாள் ஊருக்குப் போனவள் மறுநாளே போன் செய்தாள். பதினாறாம் நாளைக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும், அதைத்தான் பிறகு முன்னறையில் மாட்டுவோம். அப்பாவுக்கு நல்ல போட்டோ இல்லை. பென்ஷனுக்கு எடுத்தது ஒன்று, திருட்டு முழியோடு. கல்யாண வீட்டுப் போட்டோக்களில் எல்லாம் வாயில் சோறு.

"அந்தப் புத்தகத்துல நீ வரஞ்ச படம் இருக்கே, ஜன்னல்கிட்ட நிக்க மாதிரி. அதப் பெருசாப் போட்டுருவோம்லே," என்றாள் அக்கா. "நான் ஊருக்கு வாரேன்னு சொன்னா விடியக்காலம் எந்திச்சு அப்படித்தான் நிப்பாரு. ஆட்டோ திரும்பும்போதே அவரு மொகந்தான் தெரியும். எனக்காகவே நிக்க மாதிரி இருக்கு தம்பி. கடைசி மொகத்தத்தான் நான் உயிரோட பாக்கல. அதையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாக்கேன்க்கா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா விழுந்த இடத்துக்கு நேர் எதிரே அந்தப் படம் தொங்கும். வருஷா வருஷம் அதற்குப் பொட்டு வைப்பார்கள். நான் நேராக்கின வாய்க்கு மேலே மாலை போடுவார்கள். நினைக்கவே முடியவில்லை. இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அக்கா, "பிரேம் கடையில குடுத்தியா இல்லியா? இல்ல, இங்கன மாமாகிட்டச் சொல்லிப் பிரேம் போடச் சொல்லட்டுமா? பைலத்தான அனுப்பணும்?" என்றாள். சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

மத்தியானம் அம்மா அடுக்களையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எம்மா, அந்தப் படத்த மாட்ட வேண்டாம்."

அவள் நிமிரவில்லை.

"அது அன்னைக்கு வரஞ்சதும்மா."

"தெரியும்."

"அது இல்லம்மா. வரையும்போதே அவருக்கு வந்துட்டு. அரை மணி நேரம் அப்படியே நின்னாரு. நான்தான் அசையாதீங்கன்னேன். பேச வந்தாரு, பேசாதீங்கன்னேன். வாய் கோணினதப் பாத்தேம்மா. பாத்து, நேராக்கி வரஞ்சேன். டாக்டர்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்." எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது நாலு வரியில் முடிந்துவிட்டது.

அம்மா ஒரு தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள். இன்னொன்றை ஒடித்தாள்.

"தெரியும்லே," என்றாள் மறுபடியும். "நானும் பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"காப்பி குடிக்காம குளிக்கப் போயிட்டாரேன்னு ஆத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். ஒன் ரூம் வாசல்ல நின்னு பாக்கேன், ஜன்னல்கிட்ட நிக்காரு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. கையி தொங்குது. நீ குனிஞ்சு வரஞ்சுக்கிட்டு இருக்க. நீதான் அப்படி மொகத்த வச்சு நிக்கச் சொல்லிருக்கன்னு நெனச்சேன். அவரு தலையத் திருப்பல. கண்ணு மட்டும் எம் பக்கம் வந்துச்சு." கீரையை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். "நான் சிரிச்சேம்லே. இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு, அவரப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சுட்டுக் காப்பிய எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எட்டு மாதம் நான் ஒருத்தன்தான் பாவி என்று நினைத்திருந்தேனே, அந்த எட்டு மாதமும் இவளும் தெரிந்தே உட்கார்ந்திருந்தாளே என்ற கோபம். அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேனே என்ற கோபம்.

"பாத்தேல்லா? பாத்துக்கிட்டு ஏன் போன? அவரு மொகத்த ஒனக்குத் தெரியாதா? இது என்ன கோலம்னு ஒரு வார்த்த கேட்டா என்ன? வாயில என்னத்த வச்சிருந்த!" என்று கத்தினேன். அடுக்களையில் அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்கணும்னுதான் வாயெடுத்தேன்," என்றாள். "நீ ஏசுவியேன்னுதான்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கீரையைத் திரும்ப எடுத்து ஆய ஆரம்பித்தாள். முன்னறையில் என் போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. நான் எழவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள்.

"ஏட்டி, அந்தப் படம் வேண்டாம்," என்று அவள் சொல்வது கேட்டது. "பென்ஷன் போட்டோவையே பெருசாப் போடச் சொல்லிட்டேன்... இல்ல, அவன் ஒண்ணும் சொல்லல. அவன் அதத்தான் மாட்டணும்னு நிக்கான். எனக்குத்தான் பிடிக்கல... ஆமா, நல்லாத்தான் வரஞ்சிருக்கான். எனக்குப் பிடிக்கலட்டி, விடு."

அக்கா அந்தப் பக்கம் அழுவது எனக்கு அடுக்களைவரை கேட்டது. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் வைக்கும்வரை நின்றாள்.

பதினாறாம் நாள் அந்தத் திருட்டு முழிப் போட்டோவுக்குத்தான் மாலை போட்டோம். அக்கா வந்தாள், காரியம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அப்பா தனக்காக நிற்கிற ஒரே படம் அது, அதைக்கூட அம்மா மாட்ட விடவில்லை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக் குறைப்படுகிறாள். அம்மாவிடம் போனில் பேசினால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி. என்னிடம் மட்டும் பிரியமாகப் பேசுகிறாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.